வடகொரியாவின் அணுகுண்டு: பழி யார் தலையில்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் சனிக்கிழமை மாலைகளில் நாங்கள் பத்துப் பதினைந்து பேர் கூடி உலக நடப்புகளைப் பேசுவது வழக்கம். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், வங்கியில் வேலை செய்பவர்கள், உயர்தரம் முடித்த பிள்ளைகள் என்று கலவையான கூட்டம். வடகொரியா ஒரு ஏவுகணையை விட்டால் அந்தக் கிழமை முழுக்க அதுதான் பேச்சு. அரை மணித்தியாலத்துக்குள் அது அமெரிக்கக் கட்சிச் சண்டையாக மாறிவிடும். நியூ ஜெர்சியில் இருக்கும் தம்பி சொன்னது, ரெக்ஸாஸில் இருக்கும் மச்சான் வட்ஸ்அப்பில் அனுப்பியது என்று ஆளாளுக்கு ஒரு கட்சிக்கு வக்கீலாகிவிடுவார்கள். நான் பௌதிகவியல் படிப்பித்தவன். இந்த விஷயத்தில் பாதிக் குழப்பம் அரசியலால் வந்தது, மீதி பௌதிகவியல் தெரியாததால் வந்தது என்பது என் எண்ணம். அதனால் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

சேர், அமெரிக்கக் கட்சிகளின் சண்டை கொழும்பில் இருக்கும் எங்களுக்கு எதற்கு?

முதல் காரணம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் கொரிய மொழிப் பரீட்சை எழுதித் தென்கொரியாவுக்கு வேலைக்குப் போகிறார்கள். எல்லைக்கு அப்பால் இருக்கும் குண்டைப் பற்றி அவர்களின் அம்மாமார் கேட்காமல் இருப்பார்களா?

இரண்டாவது, இந்தக் கதையில் எங்கள் நாட்டவர்கள் இருக்கிறார்கள். அணுவாயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தைக் காலவரையறையின்றி நீடித்த 1995ஆம் ஆண்டு நியூயோர்க் மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் ஜயந்த தனபால. 2003 ஜனவரியில் வடகொரியா அதே ஒப்பந்தத்திலிருந்து விலகுவதாக அறிவித்தபோது ஐ.நா.வில் ஆயுதக் குறைப்புக்குப் பொறுப்பான துணைச் செயலாளர் நாயகமாக இருந்தவரும் அவர்தான். கொழும்பில் பிறந்த நீதியரசர் வீரமந்திரி 1996இல் சர்வதேச நீதிமன்றத்தில், அணுவாயுதத்தைப் பயன்படுத்துவதும் பயன்படுத்துவேன் என்று மிரட்டுவதும் எந்தச் சூழ்நிலையிலும் சட்டவிரோதம் என்று மாற்றுக் கருத்து எழுதினார். இது எங்களுக்குத் தூரத்து விஷயம் இல்லை.

வடகொரியாவோடு எங்களுக்கு நேரடிக் கசப்பும் உண்டு. 1971 ஏப்ரலில் ஜே.வி.பி. கிளர்ச்சி நடந்தபோது, சிறிமாவோ அரசாங்கம் கொழும்பிலிருந்த வடகொரியத் தூதரகத்தினரை நாட்டைவிட்டு வெளியேறச் சொன்னது. எங்கள் கூட்டத்தில் மூத்தவர்களுக்கு அது இன்னும் நினைவிருக்கிறது.

பழிபோடும் இந்தச் சண்டை எப்போது உச்சத்துக்கு வந்தது?

2006 ஒக்டோபர் 9. அன்றுதான் வடகொரியா முதல் அணுகுண்டுச் சோதனையை நடத்தியது. வெடிப்பு சிறியது, ஒரு கிலோதொன்னுக்கும் குறைவு. ஆனால் அமெரிக்காவில் நாடாளுமன்றத் தேர்தலுக்கு ஒரு மாதம்கூட இல்லை. ஹிலரி கிளின்டன் உட்பட ஜனநாயகக் கட்சியினர் புஷ் நிர்வாகத்தின் கொள்கையே தோற்றுவிட்டது என்றார்கள். அடுத்த நாளே குடியரசுக் கட்சி செனட்டர் ஜோன் மெக்கெய்ன் எழுந்து, தோற்றது ஹிலரியின் கணவர் செய்த 1994ஆம் ஆண்டு ஒப்பந்தம்தான் என்று திருப்பியடித்தார். இன்று எங்கள் வட்ஸ்அப்பில் சுற்றுவதெல்லாம் அந்த இரண்டு நாள் வாதத்தின் பிரதிகள்தான்.

அந்த 1994 ஒப்பந்தம் என்ன? கிளின்டன் எதிரிக்கு அணு உலையை இலவசமாகக் கொடுத்தார் என்கிறார்களே?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அதிகம் திரிக்கப்படுவது இதுதான்.

வடகொரியாவின் யொங்பியொன் என்ற இடத்தில் 5 மெகாவாற் உலை ஒன்று 1986இல் இயங்கத் தொடங்கியது. அப்போது அமெரிக்க ஜனாதிபதி ரீகன். 1989இல் அந்த உலை சில வாரங்கள் நிறுத்தப்பட்டது. அந்த நேரத்தில் எரிபொருள் கோல்களை எடுத்து ஒன்று இரண்டு குண்டுக்குப் போதுமான புளூட்டோனியத்தைப் பிரித்திருக்கலாம் என்று அமெரிக்க உளவுத்துறை சந்தேகித்தது. அப்போது ஜனாதிபதி மூத்த புஷ். இந்த இரண்டு பெயர்களையும் குடியரசுக் கட்சிக்காரர் யாரும் வட்ஸ்அப்பில் அனுப்பமாட்டார்.

மூத்த புஷ் நல்லதும் செய்தார். 1991இல் தென்கொரியாவிலிருந்த அமெரிக்க அணுவாயுதங்களைத் திருப்பி எடுத்தார். அதற்குப் பிறகுதான் வடகொரியா சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் பரிசோதகர்களை உள்ளே விட்டது. 1992இல் போனவர்கள் மாதிரிகளை ஆராய்ந்து பார்த்தால், பிரித்தெடுத்த புளூட்டோனியத்துக்கு வடகொரியா சொன்ன கணக்கு உதைத்தது. கணக்கைக் கேட்டதும் 1993 மார்ச்சில் பரவல் தடை ஒப்பந்தத்தைவிட்டு விலகுகிறேன் என்றது வடகொரியா. அந்த அறிவிப்பு நடைமுறைக்கு வர ஒரு நாள் இருக்கும்போது நிறுத்திவைத்தது.

1994 மே மாதம் உலையிலிருந்து சுமார் 8,000 எரிபொருள் கோல்களை வெளியே எடுக்கத் தொடங்கினார்கள். ஐந்தாறு குண்டுக்குப் போதுமான புளூட்டோனியம் அதில் இருந்தது. யொங்பியொன்மீது குண்டுபோடலாமா என்று கிளின்டன் நிர்வாகம் உண்மையாகவே யோசித்தது. யுத்தம் வந்தால் சியோலின் கதி என்ன என்று எல்லோரும் பயந்திருந்த ஜூனில், முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் பியொங்யாங் போய் வடகொரியத் தலைவர் கிம் இல் சுங்கோடு பேசினார். ஜூலை 8 கிம் இல் சுங் இறந்தார். மகன் கிம் ஜொங் இல் காலத்தில், ஒக்டோபர் 21 ஜெனீவாவில் கையெழுத்தாயிற்று.

சாராம்சம் இதுதான். வடகொரியா 5 மெகாவாற் உலையை நிறுத்தும். கட்டிக்கொண்டிருந்த 50, 200 மெகாவாற் உலைகளையும் நிறுத்தும். 8,000 கோல்களும் பரிசோதகர்களின் கண்முன்னால் முத்திரையிட்டு வைக்கப்படும். பதிலுக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் தொன் எரிபொருள் எண்ணெய் கிடைக்கும். குண்டுக்கு உதவுவது கடினமான வகையைச் சேர்ந்த, இலேசான நீரில், அதாவது சாதாரணத் தண்ணீரில், இயங்கும் இரண்டு மின் உலைகள் கட்டித்தரப்படும். அந்த உலைகளுக்கான செலவில் பெரும்பங்கு தென்கொரியாவுக்கு, அடுத்தது ஜப்பானுக்கு. அமெரிக்காவின் தலையில் விழுந்தது முக்கியமாக எண்ணெய்ச் செலவு. சரி, அந்த இரண்டு உலைகளும் வந்தனவா? 2003இல் முடியவேண்டிய வேலைக்கு 2002 ஓகஸ்டில்தான் முதல் கொங்கிரீற் ஊற்றினார்கள். ஒரு உலைகூட முடியவில்லை. 2006இல் திட்டமே கைவிடப்பட்டது. ஆகவே "கிளின்டன் கொடுத்த உலையில் செய்த குண்டு" என்பது தவறு. கொடுக்கப்படாத உலையில் குண்டு செய்ய முடியாது.

கட்டப்பட்டுக்கொண்டிருந்த அந்த 50, 200 மெகாவாற் உலைகளை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், 5 மெகாவாற் உலை வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு குண்டுக்கான புளூட்டோனியத்தைத்தான் தரும். அந்த இரண்டும் முடிந்திருந்தால் வருடத்துக்கு டசின் கணக்கில் வந்திருக்கும். இன்றுவரை அவை முடிக்கப்படவில்லை. எட்டு வருடம் கைவிட்டுக் கிடந்து துருப்பிடித்துப்போன கட்டடங்கள் அவை. 1994 ஒப்பந்தம் ஒன்றையும் சாதிக்கவில்லை என்பவர்களுக்கு என் பதில் அந்தத் துருதான்.

அப்படியானால் வடகொரியா ஏமாற்றவில்லை என்கிறீர்களா?

ஏமாற்றியது. இதில் ஜனநாயகக் கட்சிக்காரர்கள் மழுப்பக்கூடாது.

இங்கே கொஞ்சம் பௌதிகவியல். குண்டுக்கு இரண்டு வழி. ஒன்று புளூட்டோனியம். யுரேனியத்தை உலையில் எரித்து, கோல்களை வெளியே எடுத்து, அமிலத்தில் கரைத்துப் பிரிக்க வேண்டும். உலை பெரியது, சுடும், நீராவி விடும், செய்மதியில் தெரியும். மற்றது செறிவூட்டிய யுரேனியம். அதற்கு உலை வேண்டியதில்லை. உயரமான உருளைகளைப் பயங்கர வேகத்தில் சுற்றவைக்கும் மையவிலக்கு இயந்திரங்கள் போதும். ஒரு சாதாரணத் தொழிற்சாலைக் கூரைக்குக் கீழே ஆயிரக்கணக்கில் வைக்கலாம், வானத்திலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

1994 ஒப்பந்தம் முதல் வழியை அடைத்தது. வடகொரியா 90களின் பிற்பகுதியில் இரண்டாவது வழியைத் திறந்தது. பாகிஸ்தானின் அணு விஞ்ஞானி அப்துல் கதீர் கான் நடத்திய கள்ளச்சந்தை வலையமைப்பிலிருந்து ஏறத்தாழ இரண்டு டசின் மையவிலக்குகள் போனதாகப் பின்னர் ஜனாதிபதி முஷாரப்பே எழுதினார். ஒப்பந்தத்தின் எழுத்தில் யொங்பியொன் உலைகள்தான் முதன்மையாக இருந்தன என்று சிலர் சட்டம் பேசுவார்கள். ஆனால் இரண்டு கொரியாக்களும் செறிவூட்டல் செய்வதில்லை என்ற 1992 கூட்டுப் பிரகடனத்தையும் வடகொரியா அந்த ஒப்பந்தத்தில் ஏற்றுக்கொண்டிருந்தது. அதை மீறியது.

கான் வலையமைப்பு என்றதும் ஒருவர் கேட்டார், "அதில் இலங்கை ஆள் ஒருவரும் இருந்தாரே?" என்று. ஆம். துபாயிலிருந்து வியாபாரம் செய்த பி.எஸ்.ஏ. தாஹிர் என்ற இலங்கையரை, கானின் வலது கையாக 2004 பெப்ரவரியில் ஜனாதிபதி புஷ் ஓர் உரையில் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். மலேசிய அரசாங்கம் அவரை சில வருடம் தடுத்துவைத்திருந்தது. ஆனால் அந்த விவகாரத்தின் மையம் லிபியாவுக்குப் போன பாகங்கள். வடகொரியக் கதையோடு அதைக் குழப்ப வேண்டாம்.

பிறகு 2002இல் என்னதான் நடந்தது? புஷ் செய்தது பிழையா?

என் கணிப்பில் இந்த முழுக் கதையிலும் மிகப் பெரிய தவறு இங்கேதான் நடந்தது.

பின்னணியைப் பாருங்கள். 2000 ஒக்டோபரில் கிளின்டனின் வெளிவிவகாரச் செயலாளர் மடலின் ஓல்பிரைட் பியொங்யாங் போய் ஏவுகணைகளைப் பற்றிப் பேசினார். 2001 மார்ச்சில் புதிய வெளிவிவகாரச் செயலாளர் கொலின் பவல், கிளின்டன் விட்ட இடத்திலிருந்து தொடர்வோம் என்றார். அடுத்த நாளே வெள்ளை மாளிகை அவரை மறுதலித்தது. அதுவும் தென்கொரிய ஜனாதிபதி கிம் டே ஜுங் வொஷிங்டனில் விருந்தாளியாக இருந்த நேரத்தில். முந்தைய அரசாங்கம் செய்தது என்ற ஒன்றே அதைக் கைவிடப் போதுமான காரணமாக இருந்தது. 2002 ஜனவரியில் ஈராக், ஈரானோடு சேர்த்து வடகொரியாவையும் தீமையின் அச்சு என்றார் புஷ்.

2002 ஒக்டோபரில் அமெரிக்க வெளிவிவகாரத் திணைக்கள அதிகாரி ஜேம்ஸ் கெலி பியொங்யாங் போய் யுரேனியத் திட்டம் பற்றிக் குற்றஞ்சாட்டினார். அவர்கள் ஒத்துக்கொண்டார்கள் என்றது அமெரிக்கா. இல்லவே இல்லை என்றது வடகொரியா. நவம்பரில் எண்ணெய் நிறுத்தப்பட்டது. டிசெம்பர் கடைசியில் பரிசோதகர்கள் வெளியேற்றப்பட்டார்கள். 2003 ஜனவரி 10 வடகொரியா பரவல் தடை ஒப்பந்தத்தைவிட்டு விலகுவதாக அறிவித்தது. முத்திரை உடைந்தது. எட்டு வருடம் தண்ணீருக்குள் கிடந்த 8,000 கோல்களும் பிரித்தெடுக்கும் ஆலைக்குப் போயின.

யுரேனியத்தைப் பற்றிச் சண்டை பிடித்து, புளூட்டோனியத்தைக் கைநழுவ விட்டார்கள். 2006இல் வெடித்தது புளூட்டோனியக் குண்டு. அந்த யுரேனியத் திட்டமோ அப்போது குண்டு செய்யும் நிலைக்கு அருகில்கூட இருந்ததாகத் தெரியவில்லை. 2007 பெப்ரவரியில் ஓர் அமெரிக்க உளவு அதிகாரியே செனட் குழுவின் முன் அது பற்றிய நம்பிக்கை நடுத்தரம்தான் என்று சாட்சி சொன்னார். ஒரு வாசல் பூட்டியிருக்கிறது, பின்சுவரில் கள்ளன் துளை போடுகிறான் என்று தெரிகிறது. துளையை அடைக்கத்தான் வேண்டும். அந்தக் கோபத்தில் முன்வாசலைத் திறந்துவிடுவதா?

புஷ்ஷுக்கு நியாயமாக ஒன்றும் சொல்ல வேண்டும். பிற்பாடு அவரும் பேச்சுக்குத் திரும்பினார். ஆறு நாட்டுப் பேச்சுவார்த்தையில் 2005 செப்டெம்பரில் ஒரு நல்ல கூட்டறிக்கை வந்தது. அதே நாட்களில் அமெரிக்கத் திறைசேரி மக்காவோவிலிருந்த ஒரு வங்கிமீது நடவடிக்கை எடுத்து, வடகொரியாவின் சுமார் 25 மில்லியன் டொலர் முடங்கியது. பேச்சும் முடங்கியது. 2008 ஜூனில் யொங்பியொன் குளிர்விக்கும் கோபுரத்தை வடகொரியா தகர்த்துக் காட்டியது. அதுவும் நிலைக்கவில்லை.

ஒபாமா, ட்ரம்ப் பங்கு?

வடகொரியா நடத்திய ஆறு அணுகுண்டுச் சோதனைகளில் ஒன்று புஷ் காலத்தில், நான்கு ஒபாமா காலத்தில், ஒன்று ட்ரம்ப் காலத்தில். இந்த எண்ணிக்கையை வைத்து ஒபாமாவை அடிப்பார்கள். எனக்கு அந்தக் கணக்கில் சம்மதமில்லை, ஏனென்றால் சோதனை என்பது பல வருட வேலையின் கடைசி நாள். ஆனால் ஒபாமாவின் 'மூலோபாயப் பொறுமை' வெறும் காத்திருப்பாகப் போய்விட்டது என்ற குற்றச்சாட்டு சரிதான். 2010 நவம்பரில் அமெரிக்க விஞ்ஞானி சீக்பிரிட் ஹெக்கரை யொங்பியொன்னுக்குக் கூட்டிப்போய் சுமார் 2,000 மையவிலக்குகள் இருப்பதாகச் சொல்லி ஓர் ஆலையைக் காட்டினார்கள். பின்சுவர்த் துளை பெரிய வாசலாகிவிட்டிருந்தது.

ட்ரம்ப் முன்னையவர்கள் எல்லோரையும் திட்டிவிட்டு 2018 ஜூனில் சிங்கப்பூரில் கிம் ஜொங் உன்னைச் சந்தித்தார். 2019 பெப்ரவரியில் ஹனோயில் பேச்சு முறிந்தது. சந்தித்தது பிழையில்லை. தயாரிப்பில்லாமல் சந்தித்தது பிழை.

அரசாங்கம் மாறினால் ஒப்பந்தம் ஏன் செத்துப்போகிறது?

1994இல் கையெழுத்தானது செனட் சபை அங்கீகரித்த உடன்படிக்கை அல்ல. ஜனாதிபதியின் வாக்கு மட்டும். கையெழுத்தாகி மூன்று கிழமைகூட ஆகவில்லை, நாடாளுமன்றத்தின் இரு சபைகளும் குடியரசுக் கட்சியின் கைக்குப் போயின. எண்ணெய்க்கான காசு ஒவ்வொரு வருடமும் இழுபறிதான், கப்பல்கள் பிந்தின. பிறகு ஈரானோடு 2015இல் ஒபாமா செய்த அணு ஒப்பந்தத்தைவிட்டு 2018இல் ட்ரம்ப் விலகினார். அதே கதை.

எங்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. 1957இல் தமிழருக்கு அதிகாரம் பகிரும் பண்டா செல்வா ஒப்பந்தம் வந்ததும் ஐக்கிய தேசியக் கட்சியின் ஜே.ஆர். கண்டிக்கு நடை கட்டினார். 1958 ஏப்ரலில் ரொஸ்மீட் பிளேஸ் வீட்டு முற்றத்தில் பிக்குகள் வந்து உட்கார, பண்டாரநாயக்க அதைக் கைவிட்டார். 1965இல் டட்லி செல்வா ஒப்பந்தம். இப்போது எதிர்த்துக் கிளம்பியது சுதந்திரக் கட்சி. ஆட்சியில் இருக்கும்போது செய்வது, எதிரணிக்குப் போனதும் அதையே துரோகம் என்பது. ஒப்பீடு முழுதாகப் பொருந்தாது. தந்தை செல்வா யாரையும் மிரட்டியவர் அல்லர், கிம் குடும்பத்தோடு அவரை ஒரு தட்டில் வைக்க நான் சம்மதிக்கமாட்டேன். எதிர்த்தரப்பில் உட்கார்ந்திருப்பவர் என்ன பாடம் படிக்கிறார் என்பதைத்தான் சொல்கிறேன். இன்று கையெழுத்துப் போடுகிறவரின் சொல் அடுத்த தேர்தல் வரைக்கும்தான் என்று அவர் தெரிந்துகொள்கிறார்.

எல்லாவற்றையும் அமெரிக்காவின் தலையில் போடுகிறீர்களே. வடகொரியாவுக்குப் பொறுப்பில்லையா?

முதல் பொறுப்பு வடகொரிய ஆட்சியாளர்களுக்குத்தான். 90களின் பஞ்சத்தில் இலட்சக்கணக்கான சொந்த மக்கள் பசியால் இறந்துகொண்டிருந்தபோதும் ஏவுகணைக்கும் குண்டுக்கும் காசு தேடியவர்கள் அவர்கள். லிபியாவின் கடாபி 2003இல் அணுவாயுதத் திட்டத்தைக் கைவிட்டார், 2011இல் கொல்லப்பட்டார், ஆகவே எங்களுக்குக் குண்டு வேண்டும் என்பது அவர்கள் சொல்லும் நியாயம். ஆனால் லிபியா விழுமுன்பே அவர்கள் இரண்டு குண்டுகளைச் சோதித்துவிட்டார்கள். அமெரிக்கக் கட்சிகள் இரண்டும் ஒன்றையொன்று திட்டும் சத்தத்தில் இது மறைந்துபோவதுதான் எனக்கு ஆற்றாமை.

உறவுக்காரர் வாதாட வந்தால் என்ன கேட்பது?

முதலில், "அண்ணை, நீங்கள் கதையை எந்த வருடத்தில் தொடங்குகிறீர்கள்?" என்று கேளுங்கள். 1994இல் தொடங்கினால் கிளின்டன் குற்றவாளி, 2002இல் தொடங்கினால் புஷ், 2009இல் தொடங்கினால் ஒபாமா. 1986இல் தொடங்க யாருக்கும் விருப்பமில்லை. பிறகு, "புளூட்டோனியத்தைச் சொல்கிறீர்களா, யுரேனியத்தையா?" என்று கேளுங்கள். இதற்குப் பதில் வராவிட்டால் மேலே பேசிப் பயனில்லை, தேத்தண்ணியை ஊற்றிக் கொடுங்கள். கடைசியாக, அந்த இடத்தில் உங்கள் கட்சி ஆள் இருந்திருந்தால் 8,000 கோல்களை என்ன செய்திருப்பார் என்று கேளுங்கள். குண்டு போட்டிருப்பார் என்றால், சியோலில் எத்தனை பேர் செத்திருப்பார்கள் என்பதையும் அவர் சொல்லியாக வேண்டும்.

இப்போது அவர்களிடம் எத்தனை குண்டு?

ஸ்டொக்ஹோமில் இருக்கும் ஸிப்ரி ஆய்வு நிறுவனத்தின் 2025 மதிப்பீட்டில் சுமார் 50. இன்னும் 40 வரை செய்யப் பொருள் இருக்கிறது. 2022 செப்டெம்பரில் அணுவாயுத நாடு என்ற நிலையைத் திரும்பப் பெறமுடியாததாகச் சட்டமே போட்டுவிட்டார்கள்.

கடைசியாக ஒரு அம்மா கேட்டது: "என்ர பிள்ளை கொரியாவுக்குப் போறது பயமில்லையா, மாஸ்டர்?"

அம்மா, பயம் முழுக்க இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. சியோல் எல்லையிலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீற்றர். அணுகுண்டு இல்லாமலே, எல்லையோரத்தில் அடுக்கியிருக்கும் பீரங்கிகளே அந்த நகரத்துக்கு எட்டும். ஆனால் 1953 யுத்த நிறுத்தத்துக்குப் பிறகு மோதல்கள் வந்துபோனாலும் முழு யுத்தம் திரும்பவில்லை. சியோலிலும் சுற்றுப்புறத்திலும் தென்கொரியாவின் பாதிச் சனம் குடியிருக்கிறது, தினமும் வேலைக்குப் போய் வருகிறது. மகன் போனதும் சியோலிலுள்ள எங்கள் தூதரகத்தில் தன் விலாசத்தையும் தொலைபேசி இலக்கத்தையும் கொடுத்துப் பதிந்துவைக்கட்டும். வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்தில் பாதுகாப்புக்கு ஒதுங்கும் நிலக்கீழ் இடம் எங்கே என்று முதல் கிழமையிலேயே கேட்டு வைத்துக்கொள்ளட்டும். அங்கே சுரங்க ரயில் நிலையங்கள் பல அதற்கென்று குறிக்கப்பட்டிருக்கின்றன.